சந்தேகம் என்றால் சுவர்

மாசிக் கோயில்கொடை முடிந்து, பந்தல்காரர்கள் கம்புகளைப் பிடுங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போன மறுநாள் காலையில், எங்கள் நெடும்பனைவிளையில் முதன்முதலாகச் சுவரில் முட்டியவர் பால்காரர் இசக்கிமுத்து. இருபத்திரண்டு வருஷமாகப் போகிற அதே வழியில், தங்கபழம் மளிகைக்கடைக்கு முன்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும்போது முட்டினார். முட்டிய இடத்தில் சுவர் இல்லை. சைக்கிள் அந்தப் பக்கம் போய்விட்டது, அதில் தொங்கிய பால்கேன்கள் போய்விட்டன, அவர் மட்டும் இந்தப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். சோதனைக்காக ஒருமுறை துப்பிப் பார்த்தார், எச்சில் தாராளமாகத் தாண்டிப் போய் விழுந்தது. பிறகு வெறும் காற்றைக் கையால் தடவிக்கொண்டே இடப்பக்கமாகப் பதினோரு அடி நடந்து, கை தட்டுப்படாத ஓர் இடத்தில் திரும்பி உள்ளே போய், விழுந்து கிடந்த சைக்கிளை நிமிர்த்தி, மிச்சமிருந்த பாலை ஊற்றத் தொடங்கினார். அன்றைக்குப் பால் ஒரு மணிநேரம் தாமதமாக வந்தது என்பதற்காக அவரைத் திட்டினோமே தவிர, நாங்கள் வேறெதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மத்தியானத்துக்குள் ஊரில் பாதிப் பேர் முட்டியிருந்தோம். ஆடுகள் போயின, காக்கைகள் போயின, காற்றும் வெயிலும் பேச்சும் வசவும் போயின, பிள்ளைகள் அடித்த பந்து போனது, பந்தை எடுக்கப்போன பிள்ளை போகவில்லை. மண்வெட்டியால் கொத்தினோம், மண்வெட்டி போனது, கொத்தியவன் போகவில்லை. ஏணி வைத்தோம், ஏணி போனது, ஏறினவன் போகவில்லை. தாலுகாவிலிருந்து பார்வையிட வந்த அதிகாரியின் ஜீப் ஊருக்குள் நுழைந்து தன்பாட்டுக்குப் போய் வேப்பமரத்தில் இடித்து நின்றது. அதிகாரியும் டிரைவரும் ரோட்டில், சீட்டில் உட்கார்ந்த நிலையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு டம்ளர் மோர் குடித்துவிட்டு, ஆக்கிரமிப்பு எதுவும் கண்ணில் படவில்லை என்று எழுதிக்கொண்டு அவர் நடந்தே திரும்பினார். அவர் எழுதியதில் பொய் ஒன்றுமில்லை.

சுவர்கள் எங்கே இருக்கின்றன என்பதைக் கண்டுபிடித்தவர் வெள்ளத்துரை. அவர் வீட்டு மாடியில் அப்போது தமயந்தி என்றொரு பெண் குடியிருந்தாள்; நாமக்கல் பக்கத்துக்காரி, முப்பத்தெட்டு வயது, தனி ஆள். யாரும் வந்து எதுவும் கேட்காத ஊராக ஒன்று வேண்டும் என்று அவள் யாரிடமோ கேட்டதாகவும், அந்த ஆள் எங்கள் ஊரைச் சொன்னதாகவும் கேள்வி. எங்கள் ஊரைப் பற்றி இதைவிடப் பெரிய பொய்யை யாரும் சொன்னதில்லை. ஆனால் வந்த முதல் மாதத்தில் நாங்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லி, நீட்டிய தட்டுகளையெல்லாம் வேண்டாமென்று கும்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னலோரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து, கடைசியில் எங்களையே சலிக்க வைத்துவிட்டாள். ஒன்றரை வருஷத்தில் அவள் எங்கள் ஊரில் எந்த வீட்டு நடையையும் மிதித்ததில்லை.

அவள் அறையில் நின்றுபோன மின்காற்றாடியைப் பழுதுபார்க்க மாடிக்குப் போன வெள்ளத்துரை, அவளுடைய திரையில் கட்டம் கட்டமாக ஒரு வரைபடத்தையும், அதற்குள் எறும்பு மாதிரி ஊர்கிற நூற்றுக்கணக்கான சிவப்புப் புள்ளிகளையும் பார்த்தார். பார்த்தவர் ஸ்டூலிலிருந்து இறங்கிவிட்டார்.

"எம்மா, இது நம்ம தெருல்லா!" என்றார்.

"இல்லீங்க. இது கிரீட்டுன்னு ஒரு தீவு, கிரேக்க நாட்டுப் பக்கம். மூவாயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முந்தின அரண்மனை. அதுக்குள்ள சனங்க எந்த வழியா வந்து எந்த வழியா போயிருப்பாங்கன்னு கணக்குப் போடறேன். இந்தப் புள்ளி ஒவ்வொண்ணும் ஒரு ஆளுங்க."

"இருக்கட்டும். இந்தா, இது வெளிய வருது, ரெண்டு திருப்பம் திரும்புது, ஒரு இடத்துல போயி சும்மா நிக்கி, ஒண்ணும் செய்யாம திரும்பி வருது. இது நான் இல்லாம வேற யாரு?"

தமயந்தி ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி தெருவைப் பார்த்தாள். பிறகு வரைபடத்தை அச்செடுத்து அவர் கையில் கொடுத்தாள். சாயங்காலத்துக்குள் அது ரேஷன்கடைக் கதவில் ஒட்டப்பட்டு, நாங்கள் எல்லோரும் விரலால் தடவித் தடவி எங்கள் வீடுகள் எந்த அறைகளில் விழுந்திருக்கின்றன என்று கண்டுபிடித்தோம். அந்த ராஜாவின் அரண்மனை எங்கள் நூற்றிப் பத்து வீட்டின் மேலும் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்திருந்தது. எதற்காக எங்கள் மேல் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மட்டும் என்ன, நாங்கள் வேறு ஊருக்கா குடிபோகப் போகிறோம்?

நாங்கள் பழகினோம். எங்கள் ஊரைப் போலப் பழகுகிற ஊர் எங்கேயும் கிடையாது. புயலுக்குப் பழகினோம், உப்புத் தண்ணீருக்குப் பழகினோம், இதற்கும் பழகினோம். அரண்மனைக்கு நடுவே நீளமாக இருந்த பெரிய முற்றம் ரேஷன்கடைத் திடலில் விழுந்திருந்தது. எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போவதானாலும் அதைக் கடந்தாக வேண்டும் என்பதால், பதினான்கு வருஷமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போன அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரு நாளைக்கு ஒன்பது தடவை நேருக்கு நேர் வந்து, பத்தாவது தடவை பேசிவிட்டார்கள். எண்ணெய்ச் சாடி வைப்பதற்கென்று அந்தக் காலத்தில் ஒடுக்கமாக வரிசையாகக் கட்டிய அறைகள் கருப்பட்டி மூட்டை அடுக்குகிற கிட்டங்கியில் விழுந்தன. அங்கே மூட்டை தூக்குகிறவர்கள் பக்கவாட்டில் நடக்கப் பழகினார்கள். பள்ளிக்கூடத்துக்கு மேற்கே சமதரையாகக் கிடந்த ஓர் இடத்தில் அரண்மனைக்காரர்கள் படி வைத்த பள்ளம் ஒன்று கட்டியிருந்தார்களாம். கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் அங்கே முழங்காலை மடக்கி ஏழு படி இறங்கி ஏழு படி ஏறினால்தான் கடக்க முடிந்தது. தபால்காரர் முதலில் முனகினார், பிறகு படிகளை எண்ணிக்கொண்டே இறங்கினார்.

வெள்ளத்துரை தன் கூடத்திலிருந்து தன் அடுக்களைக்குப் போவதற்கு மூன்று பேர் வீட்டு வழியாகப் போக வேண்டியிருந்தது. மூன்று வீட்டிலும் நின்று இரண்டு வார்த்தை பேசாமல் வர முடியாது. அதனால் அவர் வீட்டுச் சோறு எப்போதும் ஆறியே இருந்தது, அவரோ முன்னைவிடச் சந்தோஷமாக இருந்தார். எல்லோரும் எல்லோர் வீட்டு வழியாகவும் போனோம். யார் வீட்டில் என்ன குழம்பு என்பது ஊருக்கே தெரிந்தது. விலாசம் சொல்லும்போது அறை எண்ணைச் சொல்லத் தொடங்கினோம்; "பதினேழுல காதுகுத்து, இருபத்தாறுல பிள்ள பெத்திருக்கா" என்று பேசினோம்.

ஒரே ஓர் அறை மட்டும் அப்படி ஆகவில்லை. அது நாற்பத்தொன்றாம் அறை. வரைபடத்தில் அதற்குக் கதவு கிடையாது.

அந்த அறையில் விழுந்தது வடிவக்காவின் வீடு. சுடலைவடிவு என்று பெயர், வயது ஐம்பத்திரண்டு, புருஷன் போய் ஏழு வருஷம், ஒரே மகள் திருப்பூரில். வடிவக்கா சுளுக்கு எடுப்பாள். நல்லெண்ணெயைச் சூடு பண்ணி, கணுக்காலை மடியில் வைத்து, கட்டைவிரலால் ஒரு வழி வழித்தாள் என்றால், நொண்டிக்கொண்டு வந்தவன் நடந்து போவான். எங்கள் ஊரில் அவள் மடியில் கால் வைக்காத ஆள் கிடையாது. எங்கள் கால்களை எங்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். சுளுக்கு இல்லாதவர்களும் போவோம். அவள் வாசல் எல்லா வழிக்கும் நடுவில் இருந்தது. போகிற போக்கில் ஒரு நிமிஷம் உட்காரலாம் என்று உட்கார்ந்து ஒரு மணிநேரம் பேசிவிட்டு எழுந்திருப்போம்.

சுவர் வந்த அன்று காலையில் அவள் வாசல் தெளிக்க வந்து முட்டினாள். முட்டியதும் சிரித்தாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு நாலு பக்கமும் தடவிக்கொண்டு வந்தாள்: கிணற்றடி, கொல்லை, பக்கத்துச் சந்து, வாசல் வேப்பமரம், துவைக்கிற கல். எங்கேயும் கை அந்தப் பக்கம் தாண்டி விழவில்லை.

"எனக்கு மட்டும் நடை வைக்க மறந்துட்டானாக்கும் அந்த ராசா?" என்று சத்தமாகக் கேட்டாள். நாங்களும் சிரித்தோம்.

நாங்கள் அவளைப் பட்டினி போடவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தங்கபழம் ஒரு நீளமான துரட்டியின் நுனியில் கூடையைக் கட்டி, அரிசி பருப்பு காய்கறி எல்லாம் உள்ளே நீட்டினான். தண்ணீருக்குக் கிணறு இருந்தது, கரண்ட் இருந்தது, டிவி ஓடியது, மகள் ஞாயிற்றுக்கிழமை போனில் பேசினாள். என்ன குறை என்று கேட்டால், பொருளாக ஒன்றும் குறையில்லை. ஆனால் ஊரே அப்போது நொண்டிக்கொண்டிருந்தது. வெடுக் வெடுக்கென்று திரும்பித் திரும்பி எல்லோருக்கும் கால் பிசகியது, ஒரு வாரத்தில் முப்பது சுளுக்கு. அத்தனை பேரும் அவள் சுவருக்கு வெளியே வரிசையில் நின்று காலைத் தூக்கிக் காட்டினோம். அவள் உள்ளே நின்று, "அந்த நரம்ப இல்ல, அதுக்குக் கீழ, ஏ இங்கனல்ல, அங்கன, பெருவிரலால அமுக்கு" என்று கத்தினாள். நாங்களே அமுக்கிக்கொண்டோம், வலி கூடியது. பிறகு உடன்குடி பஸ் ஏறி, ஆஸ்பத்திரியில் குளிர்ச்சியாக எதையோ பீய்ச்சிக்கொண்டு வரப் பழகினோம்.

தமயந்தியிடம் போய்க் கேட்டோம். கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு கதவு, கிட்டங்கிக்கு ஒரு கதவு, வடிவக்காவுக்கு ஒரு கதவு போட்டுத் தரமுடியுமா என்று வெள்ளத்துரை மனுப் போல எழுதி எடுத்துக்கொண்டு போனார். அவள் கதவைப் பாதி திறந்து நின்றுகொண்டு, "நான் கட்டலீங்க. அங்க இருந்ததை இருந்தபடி எழுதியிருக்கேன், அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டாள். நியாயம்தானே என்று நாங்களும் திரும்பிவிட்டோம். திரும்புவதற்கு எங்களுக்கு அவ்வளவு போதுமானதாக இருந்தது.

வடிவக்காவுக்கு அது போதவில்லை. அவள் வீட்டுக்கு நேர் எதிரே, பதினைந்தடி தூரத்தில்தான் அந்த மாடி ஜன்னல். சித்திரையில் ஒரு காலை, முற்றத்தில் நின்று மேலே பார்த்துக் கூப்பிட்டாள்.

"ஏ மேடம்! ஒரு வார்த்த கேக்கேன். எல்லாத்துக்கும் கதவு இருக்கு, மாட்டுத் தொழுவுக்கும் கதவு இருக்கு. இந்த அறைக்கு மட்டும் ஏன் இல்ல?"

வேறு யாராவது கேட்டிருந்தால் தமயந்தி ஜன்னலைச் சாத்தியிருப்பாள். இந்தக் கேள்வி அவளுடைய வேலையைப் பற்றியது என்பதால் பதில் சொன்னாள்.

"இல்லைன்னு சொல்ல முடியாதுக்கா. அந்த அறையோட கிழக்குப் பக்கம் தோண்டினப்ப ஒண்ணுமே மிஞ்சலை. அடிக்கல்லுகூட இல்லை. அதனால தோண்டினவங்க அந்த இடத்துல கோடு போடாம புள்ளி புள்ளியா வெச்சிருக்காங்க."

"அப்ப அங்கன கதவு இருந்துருக்கலாம்."

"இருந்திருக்கலாம். தெரியாது."

"தெரியலன்னா சொவருன்னு வச்சிருவீயளோ?"

"அதுதான் எங்க வழக்கம். சந்தேகம்னா சுவர்."

"சந்தேகம்னா கதவுன்னு வச்சா என்ன கொறஞ்சு போகும்?"

தமயந்தி இப்போது ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். குறைந்துபோவது எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். அவள் மூன்று வருஷமாக எழுதிக்கொண்டிருந்த ஆராய்ச்சியே அந்த நாற்பத்தொன்றாம் அறைதான்: அத்தனை புள்ளிகளும் சுற்றிச் சுற்றிப் போகின்றன, ஒன்றுகூட உள்ளே நுழைவதில்லை, அப்படியானால் அது யாரும் நுழையக்கூடாத இடம், அரண்மனையின் மூடிய நெஞ்சு. இதை வெளிநாட்டில் ஒரு பேராசிரியர் பாராட்டியிருந்தார், ஒரு வேலையும் அதை நம்பிக் காத்திருந்தது. அந்தப் புள்ளிக்கோட்டில் ஒரு கதவை வைத்தால் அது மற்ற அறைகளைப் போல ஓர் அறை. இதெல்லாம் எங்களுக்குப் பிற்பாடு தெரிந்தது. தன் வாழ்க்கையிலும் அவள் இதே வழக்கத்தைத்தான் வைத்திருந்தாள் என்பதும், புருஷன் வீட்டை விட்டு வந்த நாளிலிருந்து எந்த முகத்தைப் பார்த்தாலும் சந்தேகம், சந்தேகம் என்றால் சுவர் என்று எழுப்பிக்கொண்டே வந்தாள் என்பதும் பிற்பாடுதான் தெரிந்தது.

ஆனால் அவள் எண்ணுகிற வேலைக்காரி, எண்ணாமல் இருக்க அவளால் முடியாது. ஜன்னலிலிருந்து, வடிவக்காவின் சுவருக்கு வெளியே தினமும் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பங்குனியிலிருந்தே நாள்காட்டியின் கட்டங்களில் எழுதிவந்தாள். அந்த நாள்காட்டியை நான் பார்த்திருக்கிறேன். பங்குனியில் நாற்பத்தாறு, நாற்பத்தொன்று, நாற்பத்திமூன்று என்று இருக்கிறது. சித்திரையில் இருபது, பதினேழு. வைகாசியில் நின்று பேசுகிறவர்கள் போய், நடந்துகொண்டே பேசுகிறவர்கள் ஆனோம். ஆனியில் பேசுகிறவர்கள் போய், தலையை ஆட்டுகிறவர்கள் ஆனோம். ஆடியில் காற்றும் மண்ணும் அடிக்கிறது என்று துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு போனோம். வடிவக்கா சளைக்கவில்லை. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கத்திக் கூப்பிட்டாள், கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாள், இன்ன காலை இழுத்து நடக்கிறாயே என்று சொன்னாள். "வாரேன்க்கா, வேலையா போறேன்," என்று கத்திவிட்டுப் போனோம். போனும் பண்ணலாம்தான். ஒரே தெருவில் கண்ணெதிரே இருக்கிறவளுக்கு யார் போன் பண்ணுவார்கள்? ஆவணியில் பல கட்டங்களில் ஒன்று என்று இருக்கிறது. அது துரட்டியோடு வருகிற தங்கபழம். அவனும் வெள்ளிக்கிழமை கடை அடைப்பான். வெள்ளிக்கிழமைகளில் சுழி.

சுவர்களுக்குப் பழகினோம் என்று பெருமையாகச் சொன்னேன் அல்லவா? நாங்கள் இதற்கும் பழகினோம்.

ஆவணிக் கடைசி வெள்ளியன்று சாயங்காலம் வடிவக்கா முற்றத்தில் வந்து உட்கார்ந்ததைத் தமயந்தி பார்த்தாள். பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம், ஆவி பறந்தது. வடிவக்கா வலது காலைத் தூக்கித் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள். நோவு எதுவும் இல்லாத கால். அதை மெதுவாக, கணுக்காலிலிருந்து பெருவிரல் வரை, வேறு யாருடைய காலையோ வழிக்கிற மாதிரி வழித்தாள். வழிக்கும்போது வாய் அசைந்தது, "வலிக்கா? கொஞ்சம் பொறுத்துக்க," என்று காலிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு அதை இறக்கிவிட்டு இடது காலை எடுத்து வைத்தாள். முடிந்ததும் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, போய்வா என்று சொல்கிற மாதிரித் தலையை ஆட்டினாள். ஜன்னலில் நின்ற தமயந்திக்கு அழுகை வந்தது. ஊருக்கு வந்த இரண்டு வருஷத்தில் தனக்காகக்கூட அவள் அழுததில்லை.

மறுநாள் விடிந்ததும் பேராசிரியருக்கு எழுதினாள்: நாற்பத்தொன்றாம் அறையின் கிழக்கில் ஒரு கதவு வைக்கிறேன். அவர் ஒரே வரியில் கேட்டிருந்தார், ஆதாரம் என்ன என்று. கதவு இருந்ததற்கும் ஆதாரமில்லை, இல்லாததற்கும் ஆதாரமில்லை, இத்தனை நாளும் எனக்கு வசதியானதைத்தான் நான் எழுதியிருக்கிறேன் என்று பதில் போட்டாள். பிறகு புள்ளிக்கோட்டில் மூன்றடியை அழித்துவிட்டு, புள்ளிகளை ஓடவிட்டாள்.

வெளியே வேப்பமரத்துக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவே மூன்றடி திறந்தது. பார்க்க ஒரு வித்தியாசமும் இல்லை. தமயந்தி ஜன்னலில் காத்திருந்தாள். பால்காரர் வந்தார், வேப்பமரம் வந்ததும் கால் தன்னால் இடப்பக்கம் திரும்பியது, போய்விட்டார். வெள்ளத்துரை திரும்பினார். தங்கபழம் கல்லுக்குப் பக்கத்திலேயே நின்று துரட்டியை நீட்டி, கூடையை இறக்கி, இழுத்துக்கொண்டு திரும்பினான். இன்னும் ஓரடி வைத்திருந்தால் உள்ளே இருந்திருப்பான். வடிவக்கா துவைத்த சேலையை உதறிக் காயப்போட்டாள், கொடிக்கு அப்பால் கை நீட்டவில்லை. தடவிப் பார்ப்பதை அவள் ஆனியிலேயே விட்டுவிட்டாள். பதினோரு மணி ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. நூற்றெட்டுப் பேர் அந்தக் கதவைத் தாண்டிப் போனோம் என்று நாள்காட்டியில் எழுதியிருக்கிறது.

தமயந்தி திரும்பித் திரையைப் பார்த்தாள். அங்கேயும் அதே கதைதான். கதவு திறந்து கிடந்தது, ஒரு புள்ளியும் நுழையவில்லை. ஏனென்று அவளுக்குத் தெரியும், எழுதியதே அவள்தானே: முன்னால் போனவர்கள் போன வழியில்தான் ஒவ்வொரு புள்ளியும் போகும். யாரும் போகாத கதவும் சுவரும் அந்தக் கணக்கில் ஒன்று. யாராவது ஒருவர் முதலில் போக வேண்டும்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினாள்.

பஸ் ஏறுவதற்குத் தவிர அவள் இறங்கி நாங்கள் பார்த்ததில்லை என்பதால், டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். பதினைந்தடி தூரத்து வீட்டுக்கு அரண்மனை வழியாகப் பத்தொன்பது திருப்பம். வெள்ளத்துரையின் கூடம் வழியாக வந்தாள், "வாங்கம்மா" என்ற அவர் மனைவியைப் பார்த்து முதன்முறையாக நின்று, "வரேங்க" என்றாள். பிள்ளை பெற்றவள் வீடு வழியாக வந்தாள், தொட்டிலைப் பார்த்தாள். கிட்டங்கியில் பக்கவாட்டில் நடந்தாள், பள்ளத்தில் ஏழு படி இறங்கினாள், ஏறும்போது பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள். அப்போதுதான் அவள் இடது காலைச் சாய்த்துச் சாய்த்து வைப்பதை நாங்கள் கவனித்தோம். திடலைக் கடந்தாள், நாங்களும் பின்னாலேயே போனோம், வேப்பமரத்தடியில் எல்லோர் காலும் தன்னால் இடப்பக்கம் திரும்பியது, அவள் கால் மட்டும் திரும்பவில்லை. நின்றாள். அவளுக்கும் பயம் இருந்தது, முகத்தில் தெரிந்தது. கையை முன்னால் நீட்டாமல், இடித்தால் இடிக்கட்டும் என்று முகத்தையே முன்னால் கொடுத்து, ஓரடி வைத்தாள். இன்னோரடி வைத்தாள்.

வடிவக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள். ஆறு மாதமாக அந்த முற்றத்தில் அவளுடையதைத் தவிர மனுஷ நிழல் விழுந்ததில்லை. ஆனாலும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள்.

"எடது கால ஊன மாட்டேங்கியளே! எத்தன நாளா இருக்கு?" என்று கத்தினாள்.

தெருக்கோடி வரைக்கும் கேட்கிற கத்தல். போகிற ஆட்களைச் சுவருக்கு அப்பாலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவள் தொண்டைக்கு வேறு அளவே மறந்துபோயிருந்தது.

"மாசியிலிருந்துக்கா," என்றாள் தமயந்தி. "சுவர் வந்த அன்னைக்கு, மாடிப்படி கீழ திரும்பறப்ப பிசகிடுச்சு."

"யார்ட்டயும் சொல்லலயா!"

"இல்லக்கா."

"உக்காருங்க! கால நீட்டுங்க! எண்ண சுட வைக்கேன்!"

"அக்கா," என்றாள் தமயந்தி, "நான் கிட்டதான் இருக்கேன்."

வடிவக்கா அதைக் கேட்டதும் கீரையை வைத்துவிட்டாள். கையை மெல்ல நீட்டினாள், காற்றில் தட்டுப்படும் என்று எதிர்பார்த்து நீட்டுகிற நீட்டல். கை தட்டுப்படாமல் போய் அந்தக் கணுக்காலில் விழுந்தது. விழுந்ததும் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிறகுதான் அழுதாள், அதையும் சத்தமாகத்தான் அழுதாள், சுவருக்கு வெளியே நின்ற நாங்கள் அத்தனை பேரும் கேட்டோம். முதலில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பால்காரர் இசக்கிமுத்து அந்த மூன்றடிக்குள் காலை வைத்தார், அப்புறம் தங்கபழம், அப்புறம் நான்.

தமயந்திக்கு அந்த வெளிநாட்டு வேலை கிடைக்கவில்லை. அவள் இன்னும் வெள்ளத்துரை மாடியில்தான் இருக்கிறாள், இப்போது வேறொரு அரண்மனையை எழுதுகிறாளாம், அது எந்த ஊர் மேல் விழப்போகிறதோ. எங்கள் சுவர்கள் அப்படியேதான் இருக்கின்றன. வடிவக்காவின் முற்றத்தில் காலையிலிருந்து கூட்டம். கால் மடியில் இருக்கும், முகம் ஒரு முழத் தூரத்தில் இருக்கும், அப்போதும் அவள் தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரிக் கத்தித்தான் பேசுகிறாள். பக்கத்தில் உட்கார்ந்தால் காது வலிக்கிறது. மெதுவாகப் பேசு வடிவக்கா என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.